சும்மா கிடக்கும் சர்வீஸ்களை எல்லாம் ஆஃப் செய்தேன்: பில் குறையவில்லை, கடைதான் நின்றது

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பாதி என் தப்பு என்று எனக்கே தெரியும். மீதிப் பாதி புரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன்.

குடியாத்தத்தில் ஒரு லுங்கி மொத்த வியாபாரிக்கு பில் போடும் ஆப் எழுதிக் கொடுத்து, மூன்று வருஷமாக நானே பார்த்துக்கொள்கிறேன். கூகுள் கிளவுடில், அதாவது கூகுளின் வாடகைக் கம்ப்யூட்டர்களில், ஒரே புராஜெக்ட். கிளவுட் ரன்னில் ஆப், கிளவுட் எஸ்க்யூஎல்லில் டேட்டாபேஸ், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஜிஎஸ்டியோடு மாதம் நாலாயிரத்துச் சொச்சம் வருகிறது. போன வாரம் முதலாளி அந்த பில்லை மேஜையில் வைத்து, "தம்பி, நாலு பேர் உக்காந்து பில் போடறதுக்கு இவ்வளவா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கன்சோலில் (கூகுள் கிளவுடின் நிர்வாகப் பக்கம்) ஏபிஐ பக்கத்தைத் திறந்தேன். ஒவ்வொரு சர்வீஸையும் ஆன், ஆஃப் செய்யும் இடம் அது. ஆன் ஆகி இருந்தவை மொத்தம் 41. அதில் பாதிப் பெயர்கள் எதற்கென்றே தெரியாது. பில்லிங் அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எதற்கெல்லாம் பூஜ்ஜியம் ரூபாய் என்று இருந்ததோ அதையெல்லாம் ஒரு ஃபைலில் எழுதி, எங்கேயோ காப்பி எடுத்த நாலு வரி ஸ்கிரிப்டில் கொடுத்து ஓட்டினேன். சிலது ஆஃப் ஆக மாட்டேன் என்றது. "ஃபோர்ஸ்" என்று ஒரு ஆப்ஷன் இருப்பதைப் பார்த்து, அதையும் சேர்த்து ஓட்டினேன். எல்லாம் போனது. ஆப்பைத் திறந்து ஒரு பில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகப் போட்டது. நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள் காலை 9.35-க்குக் கடையிலிருந்து போன். "தம்பி, ஸ்கிரீன் சுத்திக்கினே இருக்கு." லாகைத் திறந்தால் 403, அதாவது அனுமதி மறுப்புப் பிழை. இந்தப் புராஜெக்டில் சீக்ரெட் மேனேஜர் (பாஸ்வேர்டுகளைப் பத்திரமாக வைக்கும் சர்வீஸ்) ஏபிஐ இதுவரை பயன்படுத்தப்படவில்லை அல்லது ஆஃப் செய்யப்பட்டிருக்கிறது என்று வந்தது. ஆன் செய்தேன். உடனே வரவில்லை. சில நிமிஷம் கழித்துத்தான் ஆப் எழுந்தது. அதற்குள் கடையில் கார்பன் தாளை எடுத்துக் கையால் பில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். சனிக்கிழமை ஓடியது திங்கட்கிழமை ஏன் படுத்தது? முப்பது சர்வீஸை ஆஃப் செய்தும் தினசரிச் செலவில் ஒரு ரூபாய்கூட ஏன் குறையவில்லை?


பாலாறு_வறண்டது | செவ்வாய், இரவு 9.52

ஃபோர்ஸ் என்ற வார்த்தையைப் படித்ததுமே மீதிக் கதை தெரிந்துவிட்டது. வருத்தம்தான், ஆனாலும் கார்பன் தாள் இன்னும் விற்கிறார்கள் என்பதில் ஒரு சந்தோஷம்.


சத்துவாச்சாரி_எஸ்ஆர்இ | செவ்வாய், இரவு 10.20

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை சீக்ரெட் மேனேஜரில் வைத்து, கிளவுட் ரன்னில் என்விரான்மென்ட் வேரியபிளாக (ஆப் எழும்போதே அதன் கையில் கொடுக்கும் அமைப்பு) கொடுத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் அந்த பாஸ்வேர்டை இன்ஸ்டன்ஸ், அதாவது ஓடும் ஆப்பின் ஒரு பிரதி, பிறக்கும்போது ஒரே ஒரு தடவை எடுக்கும். அதற்கப்புறம் அது மெமரியிலேயே இருக்கும். சனிக்கிழமை நீங்கள் போட்ட பில், முன்னாடியே உயிரோடு இருந்த இன்ஸ்டன்ஸில் போட்டது. கையில் சாவி இருக்கிற ஆள் வீட்டுக்குள்ளேயே இருந்தார், அதனால் கதவு பூட்டியது அவருக்குத் தெரியவில்லை.

ஆள் வராத நேரத்தில் கிளவுட் ரன் இன்ஸ்டன்ஸைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிடும். ஞாயிறு கடை லீவு. திங்கள் காலை முதல் ஆள் திறந்ததும் புது இன்ஸ்டன்ஸ் பிறக்கப் பார்க்கிறது, பாஸ்வேர்டைக் கேட்கிறது, சர்வீஸ் ஆஃப். பிறக்கவே இல்லை.

இன்னொன்று. சீக்ரெட் மேனேஜரில் ஆறு வெர்ஷன் வரைக்கும், மாதம் 10,000 தடவை எடுக்கும் வரைக்கும் இலவசம். உங்களைப் போன்ற சின்ன ஆப் அந்த எல்லையைத் தொடவே தொடாது. பில்லில் பூஜ்ஜியம் என்றால் இலவச அளவுக்குள் ஓடுகிறது என்றும் அர்த்தம், ஓடவில்லை என்றும் அர்த்தம். பில்லைப் பார்த்து அது எது என்று கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் பார்த்தது தப்பான காகிதம்.

ஃபோர்ஸ் பற்றி. சாதாரணமாக ஆஃப் செய்யச் சொன்னால் மூன்று விஷயம் பார்க்கும். இந்த சர்வீஸை நம்பி வேறு சர்வீஸ் ஆனில் இருக்கிறதா, கடைசி 30 நாளில் யாராவது பயன்படுத்தினார்களா, ஆன் செய்தே மூன்று நாள்கூட ஆகவில்லையா. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் மறுத்துவிடும். ஃபோர்ஸ் கொடுத்தால் மூன்றையும் கேட்காது. நம்பி இருக்கிற சர்வீஸ்களையும் சேர்த்தே ஆஃப் செய்துவிடும். "ஆஃப் ஆக மாட்டேன் என்றது" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் உங்களுக்குக் கிடைத்த பதில். அந்த வரியை மறுபடி ஒரு தடவை படித்திருந்தால் திங்கட்கிழமை போனே வந்திருக்காது.


காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், இரவு 10.41

அக்கா, நூற்றுக்கு நூறு. என்விரான்மென்ட் வேரியபிள்தான். சனிக்கிழமை டெர்மினல் ஹிஸ்டரியைத் திருப்பிப் பார்த்தேன். சீக்ரெட் மேனேஜருக்கு முதல் ஓட்டத்தில் சமீபத்தில் பயன்படுத்தப்பட்டது என்று தெளிவாகவே வந்திருக்கிறது. ஒரே நேரத்தில் முப்பது வரி ஓடியதில் கவனிக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.


ராணிப்பேட்டை_பழைய_கை | புதன், காலை 6.15

தம்பி, வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாவது சந்தேகத்துக்கு வருவோம். அதுதான் காசு விஷயம்.

நான் தோல் யூனிட்டில் கணக்கும் கம்ப்யூட்டரும் சேர்த்துப் பார்த்தவன். 1996-இல் பாலாற்றில் கழிவு கலக்கும் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அதற்கப்புறம் நாங்கள் இருந்த யூனிட்டைக் கொஞ்ச காலம் மூடி வைத்தார்கள். டிரம் ஓடவில்லை, மோட்டார் ஓடவில்லை, வாட்ச்மேன் அறையில் ஒரு பல்பு. ஆனாலும் இபி பில் வந்தது. ஹைடென்ஷன் கனெக்ஷன் என்றால் எடுத்த யூனிட்டுக்கு ஒரு கணக்கு, டிமாண்ட் சார்ஜ் என்று தனியாக ஒரு கணக்கு. இவ்வளவு லோடு உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன், அதற்குக் காசு கொடு என்று அர்த்தம். முதலாளி, "மெஷினே ஓடல, எதுக்குய்யா பில்லு?" என்று என்னைத்தான் திட்டினார்.

கிளவுடிலும் அதே கதைதான். ஏபிஐயை ஆன் செய்வதற்குக் காசே இல்லை. ஆன் செய்து சும்மா வைத்திருப்பதற்கும் இல்லை. அதன் வழியாக நீங்கள் எடுத்த பொருளுக்குத்தான் காசு. ஓடுகிற மெஷின், ஒதுக்கிய டிஸ்க், பிடித்து வைத்த ஐபி (இணைய முகவரி எண்), சேர்த்து வைத்த டேட்டா. உங்கள் 41-இல் முப்பதை ஆஃப் செய்தீர்கள், சரி. அந்த முப்பதிலும் காசு வாங்கும் அளவுக்குப் பொருள் எதுவும் இல்லை, அதனால்தான் அவற்றுக்குப் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்திலிருந்து எதைக் குறைப்பது? காசு வாங்கும் பதினொன்றை நீங்கள் தொடவே இல்லையே.

பில்லிங் அறிக்கையில் குரூப் செய்யும் இடத்தில் சர்வீஸ் என்று இருப்பதை எஸ்கேயூ (தனித்தனியாக விலை போடும் பொருள்) என்று மாற்றிப் பாருங்கள். கம்ப்யூட் என்ஜின் (வாடகை மெஷின்) என்று ஒரே வரியாக வந்திருந்தால் அது நாலாக உடையும். எந்தப் பொருள் காசு தின்கிறது என்று அப்போது தெரியும்.


காட்பாடி_ஜங்ஷன் | புதன், காலை 7.02

சார், கம்ப்யூட் என்ஜின் என்று ஒரு வரி இருந்தது உண்மைதான். கிளவுட் ரன்னுக்கு அது உள்ளே தேவைப்படும் போல என்று விட்டுவிட்டேன். மெஷின் எதுவும் ஓடவில்லை என்று நன்றாகத் தெரியும். இன்று ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறேன்.


ராணிப்பேட்டை_பழைய_கை | புதன், காலை 7.10

ஓடவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. நிறுத்தி வைத்த மெஷினுக்கு சிபியு, மெமரிக்குக் காசு கிடையாது. டிஸ்குக்கு உண்டு. அதற்கு ஒரு நிலையான ஐபி பிடித்து வைத்திருந்தால் அதற்கும் உண்டு. கிளவுட் எஸ்க்யூஎல்லும் அப்படியே. இன்ஸ்டன்ஸை நிறுத்தினால் மெஷின் காசு நிற்கும், டேட்டா உட்கார்ந்திருக்கிற இடத்துக்கான வாடகை நிற்காது.


ஆம்பூர்_பாய் | புதன், காலை 11.30

எனக்கு இதில் வேறு கருத்து. ஷூ கம்பெனிகளுக்கு ஏழெட்டு புராஜெக்ட் பார்க்கிறேன். ஒரு ஏபிஐயைக்கூட நான் ஆஃப் செய்ததில்லை. ஆன் செய்து வைப்பதற்குக் காசு இல்லை என்று பெரியவரே சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு அதைப் போய் நோண்டுவது? புது புராஜெக்ட் திறந்தாலே பிக்குவெரி, ஸ்டோரேஜ், லாகிங், மானிட்டரிங் என்று ஒரு கூட்டம் தானாகவே ஆனாகி வருகிறது. நீங்கள் ஒன்றும் செய்யாமலே பத்துப் பதினைந்து இருக்கும். அப்புறம் கிளவுட் ஃபங்ஷன் ஒன்று டெப்ளாய் செய்யப்போனால் பில்ட் வேண்டும், ஆர்ட்டிஃபேக்ட் ரெஜிஸ்ட்ரி (ஆப்பின் பொட்டலங்களான இமேஜ்களை வைக்கும் இடம்) வேண்டும், ரன் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும், நாமும் "ஒய்" அடித்துக்கொண்டே போவோம். அப்படித்தான் 41 ஆகிறது. இருந்துவிட்டுப் போகட்டுமே. தொட்டால்தான் வம்பு, இந்த இழையே அதற்கு சாட்சி.


சத்துவாச்சாரி_எஸ்ஆர்இ | புதன், மதியம் 1.05

பாய், காசுக்காக ஆஃப் செய்வது வீண் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஆஃப் செய்யவே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன், கம்பெனி பெயர் வேண்டாம்.

ஒரு வாடிக்கையாளரின் வலைத்தளத்தில் மேப் காட்டுவதற்காக ஏபிஐ கீ ஒன்று (சர்வீஸைக் கூப்பிடக் காட்டும் அடையாளச் சரம்) பேஜ் சோர்ஸிலேயே, அதாவது யாரும் திறந்து பார்க்கக்கூடிய பக்கக் கோடிலேயே இருந்தது. மேப் கீ பிரவுசருக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அது தப்பில்லை. ஆனால் அந்தக் கீக்கு எந்தக் கட்டுப்பாடும் போடவில்லை. எந்தத் தளத்திலிருந்து வரலாம் என்பதும் இல்லை, எந்த ஏபிஐக்கு மட்டும் என்பதும் இல்லை. வருஷக்கணக்கில் ஒரு பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒரு பையன் சாட்பாட் செய்து பார்க்கலாம் என்று அதே புராஜெக்டில் ஜெமினி ஏபிஐயை (கூகுளின் ஏஐ) ஆன் செய்தான். இரண்டு நாள் விளையாடிவிட்டு மறந்துவிட்டான்.

கட்டுப்பாடு இல்லாத கீ, புராஜெக்டில் கீயை ஏற்கிற எந்த ஏபிஐ ஆனில் இருந்தாலும் அதையெல்லாம் திறக்கும். அதாவது அவன் அந்த சர்வீஸை ஆன் செய்த நிமிஷத்திலிருந்து, ஊரே பார்க்கும்படி பேஜ் சோர்ஸில் கிடந்த மேப் கீ, ஏஐ கீயாகவும் ஆகிவிட்டது. கீயை யாரும் மாற்றவில்லை, கோடில் ஒரு வரி மாறவில்லை. எவனோ ஒருவன் கீயைப் பொறுக்கிக்கொண்டு போய் ராத்திரி முழுக்க ஓட்டியிருக்கிறான். மறுநாள் காலை தினசரிச் செலவு கோடு செங்குத்தாக நின்றதைப் பார்த்து நான் காபியைக் கீழே வைத்தேன்.

பட்ஜெட் அலர்ட் இருந்தது, மெயிலும் வந்தது. ஆனால் அலர்ட் மெயில் அனுப்பும், செலவை நிறுத்தாது. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அதுவும் போக, பில்லிங் கணக்கு பல மணி நேரம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

ஆக, ஆஃப் செய்வது காசை மிச்சம் பிடிக்க அல்ல. நீங்கள் எடுக்காத பொருளை உங்கள் பெயரில் வேறு எவனும் எடுக்காமல் இருப்பதற்கு. ராத்திரி பூட்டுகிற ஷட்டர் மாதிரி. ஷட்டரைப் பூட்டினால் கடை வாடகை குறையுமா?


பாலாறு_வறண்டது | புதன், மதியம் 1.31

நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கிறதே. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் நூற்றாண்டுக் கணக்கில் சாமி இல்லாமல் கிடந்தது. கட்டடம் இருந்தது, கல்யாண மண்டபத்து யாளி இருந்தது, தொல்லியல் துறை பராமரிப்பும் இருந்தது. பூஜை மட்டும் ஆஃப். சாமி இல்லாத கோயில் என்று ஊர் பெயரில் பழமொழியே வந்தது. 1981-இல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி ஆன் செய்தார்கள். சர்வீஸை ஆஃப் செய்தால் ரிசோர்ஸ் போகாது என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா?


ஆற்காடு_இப்போ_ஓஎம்ஆர் | புதன், மதியம் 1.40

ஆன் ஆக நூற்றாண்டுக் கணக்கு ஆனது பாருங்கள், அதுதான் புராபகேஷன் டிலே, மாற்றம் போய்ச் சேரும் தாமதம்.


ஆம்பூர்_பாய் | புதன், மாலை 4.18

அக்கா, கீ கதை கேட்டு என் ஏழு புராஜெக்டையும் இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன். மூன்றில் கட்டுப்பாடு இல்லாத கீ. போட்டுவிட்டேன். அந்த வகையில் நன்றி.

ஆனாலும் என் சந்தேகம் அப்படியே நிற்கிறது. எதை ஆஃப் செய்யலாம் என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது? பில்லை நம்பக்கூடாது என்கிறீர்கள். பெயரைப் பார்த்தாலும் புரியாது. மாதத்துக்கு ஒரு தடவை ஓடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஜாப் ஒன்று என்னிடம் இருக்கிறது. இருபதாம் தேதி ஓடும். நான் இருபத்தைந்தாம் தேதி பார்த்து, ஒரு வாரமாக யாரும் தொடவில்லை என்று ஆஃப் செய்தால் அடுத்த மாதம் நான் காலி.


சத்துவாச்சாரி_எஸ்ஆர்இ | புதன், இரவு 8.50

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து எழுத வேண்டும்.

ஏபிஐ பக்கத்தின் முகப்பிலேயே ஒவ்வொரு ஏபிஐக்கும் எத்தனை கோரிக்கை, எவ்வளவு பிழை, எவ்வளவு தாமதம் என்று வரும். காலத்தை 30 நாளாக வைத்துப் பாருங்கள். சில நிமிஷத்தில் பாதிச் சந்தேகம் தீரும். சீக்ரெட் மேனேஜர் அங்கே கட்டாயம் தெரிந்திருக்கும், கடை திறக்கும் நாள்தோறும் இரண்டு மூன்று கோரிக்கை என்று. எண்ணிக்கை சின்னது என்று அலட்சியப்படுத்தக்கூடாது. நம்ம காட்பாடிக்காரருக்கு அந்த இரண்டு மூன்றில்தான் கடையே நின்றது.

யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய, மானிட்டரிங்கில் கன்ஸ்யூம்டு ஏபிஐ என்ற வகையில் கோரிக்கை எண்ணிக்கையை எடுத்து, கிரெடென்ஷியல் வாரியாகப் பிரியுங்கள். எந்த சர்வீஸ் அக்கவுண்ட், எந்தக் கீ என்று தனித்தனியாக வரும். "அட, இந்த அக்கவுண்ட் இன்னும் உயிரோடு இருக்கா?" என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

உங்கள் ஜிஎஸ்டி ஜாப் மாதிரி மாதம் ஒரு தடவை வருவது 30 நாள் சன்னலில் விளிம்பில் விழுந்தால் தப்பிவிடும். வருஷக் கணக்கு முடிக்கிற ஜாப் என்றால் கண்ணிலேயே படாது. அதற்கு மெஷின் உதவாது, ஷெட்யூலரைத் திறந்து உள்ளதை எல்லாம் கையால் எழுதுவதைத் தவிர வழியில்லை. நான் ஒரு ரூல் நோட்டு வைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

அப்புறம் ஆஃப் செய்வது ஒரு நாளைக்கு ஒன்று. திங்கள் அல்லது செவ்வாய் காலை, கடை திறந்து ஓடிக்கொண்டிருக்கும்போது. சனிக்கிழமை சாயங்காலம் செய்வது, உடைந்தால் ஒன்றரை நாள் யாருக்கும் தெரியாமல் இருக்க நாமே ஏற்பாடு செய்வது போல. ஆஃப் செய்ததும் ஆப்பைப் புது ரிவிஷனாக (புதுப் பதிப்பாக) ஒரு தடவை டெப்ளாய் செய்துவிடுங்கள். புது இன்ஸ்டன்ஸ் பிறந்தே ஆகும், சாவி இல்லை என்றால் அப்போதே கத்தும். ரிவிஷன் எழுந்து நிற்கவில்லை என்றால் கிளவுட் ரன் டிராஃபிக்கைப் பழையதிலேயே வைத்திருக்கும், ஆன் செய்ய உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

ஃபோர்ஸ் ஆப்ஷனை ஸ்கிரிப்டில் வைக்காதீர்கள். தேவையென்றால் அந்த ஒரு தடவை கையால் அடியுங்கள்.


கடைசி_வருஷம் | புதன், இரவு 9.33

அக்கா, அண்ணா எல்லாருக்கும் வணக்கம். காட்பாடியில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். இலவசச் சோதனைக் கணக்கில் புராஜெக்ட் செய்கிறோம். என் லேப்டாப்பில் கோடை ஓட்டினால், டிரான்ஸ்லேஷன் ஏபிஐ ஆனில் இல்லை என்று 403 வருகிறது. நான் ஆன் செய்துவிட்டேன், கன்சோலில் பச்சையாகக் காட்டுகிறது. பத்து நிமிஷம் இல்லை, ஒரு நாளே காத்திருந்துவிட்டேன்.


ஆற்காடு_இப்போ_ஓஎம்ஆர் | புதன், இரவு 9.45

தம்பி, பிழைச் செய்தியில் ஒரு நீள எண் வருகிறதே, அது உன் புராஜெக்டின் எண்தானா என்று பார்.


கடைசி_வருஷம் | புதன், இரவு 9.58

அண்ணா, இல்லை! வேறு எண். இது எங்கிருந்து வந்தது?


ஆற்காடு_இப்போ_ஓஎம்ஆர் | புதன், இரவு 10.12

லேப்டாப்பில் உன் சொந்த கூகுள் லாகினில் ஓட்டினால், கோட்டா (பயன்பாட்டு அளவு) எந்தப் புராஜெக்டின் கணக்கில் போக வேண்டும் என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது. முன்னாடி ஏதோ ஒரு பயிற்சிக்காக வைத்த பழைய புராஜெக்ட் அதில் உட்கார்ந்திருக்கும். ஆன் செய்தது ஒரு வீட்டில், தட்டுவது இன்னொரு வீட்டில். ஜிகிளவுடில் ஆத் கீழே அப்ளிகேஷன் டீஃபால்ட், அதன் கீழே செட் கோட்டா புராஜெக்ட் என்ற கமாண்டைக் கொடுத்து இப்போதைய புராஜெக்டை வை.

சோதனைக் கணக்கைப் பற்றிப் பயப்படாதே. 300 டாலர், 90 நாள். முடிந்தால் நீயாகக் கட்டணக் கணக்காக மாற்றாதவரைக்கும் கார்டிலிருந்து எடுக்க மாட்டார்கள். ஆனால் ஓடுவதை நிறுத்திவிடுவார்கள், உங்கள் காலேஜ் புராஜெக்ட் ரிவ்யூ தேதியைப் பார்த்துக்கொள்.

ஒரு விஷயம் இங்கே யாரும் சொல்லவில்லை. நான் ஆபீஸில் கூகுள், மைக்ரோசாஃப்டின் அஷூர், அமேசானின் ஏடபிள்யூஎஸ் என்று மூன்று கிளவுடையும் மேய்க்கிறேன். இந்த ஆன் ஆஃப் ஏற்பாடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. அஷூரில் சப்ஸ்கிரிப்ஷன் அளவில் ரிசோர்ஸ் புரொவைடரை ரெஜிஸ்டர் செய்ய வேண்டும், கிட்டத்தட்ட இதே பழக்கம். ஏடபிள்யூஎஸ்ஸில் சர்வீஸுக்குப் பொதுவாக இப்படி ஸ்விட்ச் இல்லை, அனுமதியால்தான் மூடுவார்கள். அங்கே ரீஜனுக்குத்தான் (டேட்டா சென்டர்கள் இருக்கும் வட்டாரம்) ஸ்விட்ச். 2022-இல் திறந்த ஹைதராபாத் ரீஜனை நாமாகத்தான் ஆன் செய்ய வேண்டும், மும்பை தானாகவே திறந்திருக்கும். அங்கிருந்து வருகிறவர்கள் கூகுளில் முதல் 403 பார்த்துவிட்டு அனுமதிதான் பிரச்சினை என்று ரோல் மேல் ரோலாகக் கொடுத்துக்கொண்டே போவார்கள். கடைசியில் எல்லாரும் ஓனராகியிருப்பார்கள், ஏபிஐ ஆஃபிலேயே இருக்கும்.

டெராஃபார்மில் (கிளவுட் அமைப்பைக் கோடாக எழுதும் கருவி) எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. புராஜெக்ட் சர்வீஸ் ரிசோர்ஸில் டிசேபிள் ஆன் டெஸ்ட்ராய் என்று ஒரு அமைப்பு உண்டு. அதை ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எங்கள் டீமில் ஒருவர் தன் சின்ன மாட்யூலைத் துடைத்தார், அது போகிற போக்கில் ஏபிஐயையும் அணைத்துவிட்டுப் போனது. அதே புராஜெக்டில் அதே ஏபிஐயை நம்பி இன்னும் இரண்டு டீம் இருந்தது. ஸ்விட்ச் புராஜெக்டுக்கு ஒன்றுதான், மாட்யூலுக்கு ஒன்று இல்லை.


ஆம்பூர்_பாய் | வியாழன், காலை 10.05

யார் அணைத்தார்கள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? எங்கள் கஸ்டமர் பக்கத்திலும் ஆட்களுக்கு எடிட்டர் ரோல் இருக்கிறது.


சத்துவாச்சாரி_எஸ்ஆர்இ | வியாழன், காலை 10.22

உண்டு. ஆன் செய்ததும் ஆஃப் செய்ததும் அட்மின் ஆக்டிவிட்டி லாகில் பதியும். 400 நாள் இருக்கும், அதற்குக் காசு இல்லை, யாரும் அதை அணைத்து வைக்கவும் முடியாது. எடிட்டர் ரோல் இருந்தால் ஏபிஐயை ஆன் ஆஃப் செய்யலாம் பாய், அதைத்தான் முதலில் பிடுங்க வேண்டும். உண்மையிலேயே தேவைப்படுகிற ஓரிருவருக்கு சர்வீஸ் யூசேஜ் அட்மின் ரோல் மட்டும் கொடுங்கள்.


பாலாறு_வறண்டது | வியாழன், காலை 10.40

பாய், ஆளைக் கண்டுபிடித்தால் தண்டனையாக எங்களுக்கு ஆம்பூர் பிரியாணி அனுப்பச் சொல்லுங்கள்.


நடத்துனர் | வியாழன், காலை 11.00

பிரியாணி பற்றி நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. ஆற்காடு மக்கன் பேடாவும் அவ்வாறே. தலைப்புக்குள் இருங்கள்.


காட்பாடி_ஜங்ஷன் | வெள்ளி, இரவு 11.15

புதன் ராத்திரியும் நேற்று ராத்திரியும் உட்கார்ந்து பார்த்தேன். பழைய கை சார் சொன்னபடி எஸ்கேயூவாகப் பிரித்ததும் கண்ணில் அறைந்தது.

ஒன்று, 100 ஜிபி எஸ்எஸ்டி டிஸ்க். ஆரம்பத்தில் இந்த ஆப்பைக் கிளவுட் ரன்னில் போடாமல் ஒரு மெஷினில் போட்டிருந்தேன். மாற்றியபோது மெஷினை நிறுத்தினேன், அழிக்கவில்லை. ஏதாவது ஆனால் திரும்பப் போகலாம் என்று நினைத்தேன், அப்புறம் அதை நினைக்கவே இல்லை. இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு, அதே மெஷினுக்குப் பிடித்த நிலையான ஐபி. மூன்றாவதுதான் பெரிய அடி. லுங்கி-டெஸ்ட் என்ற பெயரில் இன்னொரு டேட்டாபேஸ் இன்ஸ்டன்ஸ். ஒரு தீபாவளி சீசனுக்கு முன்னால் ரிப்போர்ட் சரிபார்க்க குளோன் எடுத்தது. அது ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது, கடைசியாக எப்போது கனெக்ட் செய்தேன் என்றே நினைவில்லை. பில்லில் கிளவுட் எஸ்க்யூஎல் என்று ஒரே வரியாக வந்ததால் இரண்டையும் ஒன்று என்று நினைத்திருக்கிறேன்.

ஐபியை விட்டுவிட்டேன். டெஸ்ட் டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் எடுத்துவிட்டு அழித்தேன். டிஸ்கை அழிக்கும் முன் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டேன். "இரு இரு, பழைய பாக்கி லெட்ஜர் அதுலதானே இருந்துச்சு?" என்றார். மெஷினை ஏற்றிப் பார்த்தால் உண்மையிலேயே இருந்தது, இரண்டு ஜிபிகூட இல்லை. பக்கெட்டில் (கிளவுட் சேமிப்பிடம்) ஆர்க்கைவ் வகுப்பில் போட்டுவிட்டு, மறுபடி திறந்து படிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டு, டிஸ்கை அழித்தேன். ஆர்க்கைவில் போட்டால் 365 நாளுக்கு முன் அழித்தாலும் முழு வருஷத்துக்குக் காசு உண்டு என்று தெரியும். இந்த லெட்ஜர் அதைவிட நாளாகக் கிடக்கும்.

ஆஃப் செய்த முப்பதில் ஒன்பதை மறுபடி ஆன் செய்திருக்கிறேன். அதில் ஒரு வேடிக்கை. ஆர்ட்டிஃபேக்ட் ரெஜிஸ்ட்ரியையும் சனிக்கிழமை அணைத்திருக்கிறேன் போலிருக்கிறது. பழைய இமேஜ்களைத் துடைக்கலாம் என்று லிஸ்ட் கேட்டால், முதலில் சர்வீஸை ஆன் செய் என்கிறது. ஆன் செய்துதான் குப்பையை அள்ள முடிந்தது. மூன்று வருஷ இமேஜும் அப்படியே அடுக்கி இருந்தது. மீதி இருபத்தொன்றை ஆஃபிலேயே விட்டிருக்கிறேன், அக்கா சொன்ன முகப்பில் 30 நாளும் பார்த்து, ஷெட்யூலரையும் பார்த்து.

தினசரிச் செலவு நேற்றைய கணக்கில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. முதலாளிக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ ரெண்டு வருஷமா கட்டுன காசு?" என்றார்.


ராணிப்பேட்டை_பழைய_கை | சனி, காலை 6.05

என்ன சொன்னீர்கள் தம்பி?


காட்பாடி_ஜங்ஷன் | சனி, காலை 8.20

அடுத்த ஆறு மாதம் மெயின்டெனன்ஸ் பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் சார். மூன்று மாதம் போதும் என்றார். அப்புறம் திங்கட்கிழமை கார்பன் தாளில் எழுதிய 23 பில்லையும் சிஸ்டத்தில் ஏற்றச் சொல்லி ஒரு கட்டாக அனுப்பியிருக்கிறார். இரண்டாவது காப்பி, எழுத்து பாதி மங்கல். நாளைக்கு உட்கார வேண்டும்.